வாரில் மூன்று வெட்டு

ஃபிக்ரி பாஷாவின் இடது கன்னத்தில் பதினொரு தையல். அலெக்ஸாந்திரியாவின் காலைப் பத்திரிகைகள் நான்கும் அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் முதல் பக்கத்தில் போட்டிருந்தன. வீட்டுக்கு வந்து சவரம் செய்யும், தொழிலில் தேர்ந்தவன் என்று ஊர் 'உஸ்தா' பட்டம் கொடுத்திருந்த மித்வல்லி கழுத்தை அறுக்கப் பார்த்தானாம். பாஷா தீரத்துடன் தலையைத் திருப்பிக்கொண்டதால் கத்தி கன்னத்தோடு போயிற்றாம். பாஷா இதுவரை எதற்காவது தலையைத் திருப்பியிருக்கிறார் என்றால், வணக்கம் சொல்லும் ஏழையைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் இருக்கும் என்று இன்ஸாஃப் நினைத்தாள்.

இன்ஸாஃப் துப்பறிவாளர் சரூஃபீமின் உதவியாளர். அதற்கு முன் நான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். தவறான எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டு அவளைத் திட்டிய ஒரு மந்திரியிடம், நான்கு இலக்கம் நினைவில்லாத நீங்கள் இலாகாவை எப்படி நடத்துகிறீர்கள் என்று விசாரித்ததில் அந்த வேலை போயிற்று. சரூஃபீம் நீதிமன்றத்தில் இருபது வருஷம் சாட்சியம் எழுதியவர். பொய்யை எழுதி எழுதி விரல் காய்த்துப்போய் வெளியே வந்தவருக்கு, மனிதர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை. இரண்டு பேரும் நன்றாக ஒத்துப்போனார்கள்.

காலை எட்டு மணிக்கு உஸ்தாவின் மகள் ரதீபா அலுவலகத்துக்கு வந்து அழாமல் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தின் மேல் குற்றம் ஏதுமில்லை என்று போலீஸ் எழுதித் தந்தால்தான் சேர முடியும். அப்பாவோ லாக்கப்பில். மதியம் இரண்டு மணிக்குக் காகிதங்கள் அரசு வக்கீலிடம் போகும். போய்விட்டால் யாரும் திருப்ப முடியாது. அப்பாவுக்குப் பத்து வருஷம் கல்லுடைக்கும் சிறை, தனக்கு அடுப்படி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பத்து மணிக்கு சரூஃபீமும் இன்ஸாஃபும் போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பஹ்கத்தின் முன்னால் நின்றார்கள். நாற்காலிகள் இருந்தன. உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"தெளிவான கேஸ்," என்றார் பஹ்கத். "ஏழரைக்கு நாவிதன் உள்ள போனான். ஏழே முக்காலுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு விறுவிறுன்னு வெளிய வந்தான். கேட் காவல்காரன் பார்த்திருக்கான். உள்ள பாஷா ரத்த வெள்ளத்துல. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

சரூஃபீம் கத்தியைப் பார்க்கலாமா என்று கேட்டார். தந்தப் பிடி போட்ட நல்ல சவரக்கத்தி. ரத்தக்கறை எதுவும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள் என்று இன்ஸ்பெக்டரே சுத்தமாகத் துடைக்கச் சொல்லியிருந்தாராம். சரூஃபீம் கத்தியை விரித்துக்கொண்டு, இன்ஸாஃபின் பக்கம் கையை நீட்டினார்.

"ஒரு முடி குடு."

"உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்து கொட்டினது போக மிச்சம் இருக்கிறது இதுதான் தலைவரே," என்றபடி ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முடியைக் கத்தியின் வாயில், அந்தக் கூர் விளிம்பில் வைத்தார். நல்ல சவரக்கத்தியில் முடி தொட்டவுடன் இரண்டாகும். இதில் முடி வளைந்தது, வழுக்கியது, முழுசாகத் திரும்பி வந்தது. இந்தக் கத்தியால் பேரீச்சம்பழத்தைக்கூட நறுக்க முடியாது என்றார் சரூஃபீம். கன்னத்து எலும்பில் பட்டு மழுங்கியிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். எதற்கும் ஒரு பதிலை வைத்திருப்பதுதான் அவருக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்த திறமை. அந்தப் பதில் சரியாக இருக்க வேண்டும் என்று யாரும் இதுவரை வற்புறுத்தியதில்லை.

லாக்கப்பின் கம்பிகளுக்குப் பின்னால் உஸ்தா மித்வல்லி குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயது. ஒரு நாள் தாடியோடு இருப்பதற்கு வெட்கப்பட்டு, பேசும்போதெல்லாம் கையால் மோவாயை மறைத்துக்கொண்டார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்பு கொண்டுபோனாராம். பாஷாவைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, முகத்தில் சுடுதுண்டைப் போட்டுவிட்டு, கத்தியைத் தீட்டுவதற்காகச் சுவரில் தொங்கும் தோல்வாரில் கை வைத்தபோது, இனிப்பு எதற்கென்று சொன்னாராம். துண்டுக்கு அடியிலிருந்து பாஷா சிரித்தாராம்.

"நாவிதன் மக வாத்தியாரம்மான்னா, என் மகளுக்குக் கால் நகம் வெட்ட யாரு வருவான்னு கேட்டார்." உஸ்தா கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னும் என்னென்னமோ சொல்லிக்கிட்டே இருந்தார். நான் கத்தியை மடிச்சு அதோட எடத்துல வச்சேன். என் பையை எடுத்தேன். வந்துட்டேன்."

"அவர்கிட்ட சொல்லாமலா?" என்றாள் இன்ஸாஃப்.

"துண்டுக்கு அடியில பேசிக்கிட்டு இருந்தாரும்மா. நடுவுல எப்படிக் குறுக்கிடறது."

ஆளில்லாத அறையில், முகத்தில் ஈரத்துண்டோடு, ஒரு பாஷா மல்லாந்து படுத்துச் சொற்பொழிவாற்றுவதை நினைத்ததும் இன்ஸாஃபுக்குச் சிரிப்பு முட்டியது. லாக்கப் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

அன்றைக்குக் கத்தியைத் தீட்டினீர்களா என்று சரூஃபீம் இரண்டு முறை கேட்டார். இல்லை என்று உஸ்தா இரண்டு முறையும் சொன்னார். கத்தியும் வாரும் பாஷாவின் வீட்டிலேயே இருப்பவை. முந்தைய நாள் வாருக்கு எண்ணெய் தடவித் துடைத்து மாட்டியது அவர்தான். அப்போது அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"கத்தி ஏன் உஸ்தா இப்படி மொக்கையா இருக்கு?"

சரூஃபீம் கேட்ட கேள்வியில் உஸ்தாவின் முகம் மாறியது. மோவாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். லாக்கப்பில் போட்டபோதுகூட மனிதர் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்.

"மொக்கையா? என் கத்தியா? கல்லுல நான் அதைப் பிடிச்சு எட்டு நாள்தான் ஆகுது. கல்லு கூர் வைக்கும். ஆனா வாயில கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒண்ணு நிக்கும். ஒரு சவரம் பண்ணினா அது அங்கங்க சாஞ்சுக்கும். வாருல முதுகு முன்ன போகணும், வாய் பின்னால வரணும். அப்பத்தான் சாஞ்சது எழுந்து நேரா நிக்கும். திருப்பும்போதும் முதுகு மேலதான் புரட்டணும். வாயை முன்ன விட்டுத் தள்ளினா தோலும் போச்சு, கத்தியும் போச்சு. அப்படி யாராவது பண்ணியிருந்தா மொக்கையாத்தான் இருக்கும். நான் பண்ணல."

சரூஃபீம் நன்றி சொல்லிவிட்டு நேரே இன்ஸ்பெக்டரிடம் போனார். பாஷாவின் வீட்டைப் பார்க்க வேண்டும், கத்தியையும் கொண்டுவர வேண்டும் என்றார். அனுமதி கிடைக்காது என்றுதான் இன்ஸாஃப் நினைத்தாள். ஆனால் பாஷாவின் உடல்நலத்தை நேரில் போய் விசாரிக்க பஹ்கத்துக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஜீப்பில் போகும் வழியில் நிறுத்தி ரோஜாகூட ஒரு கொத்து வாங்கிக்கொண்டார். கழுத்தறுபட்டவனுக்குக் கொடுப்பதற்கு நல்ல நிறம்தான் என்று இன்ஸாஃப் பின் சீட்டிலிருந்து பாராட்டினாள்.

பாஷாவின் மாளிகை கடலைப் பார்த்து இருந்தது. கடலே அவருக்கு வணக்கம் சொல்ல வருகிறது என்று நினைத்துக் கட்டியவர்கள் போலிருக்கிறது, எல்லா ஜன்னலும் அந்தப் பக்கம்தான். கதவைத் திறந்தவர் அப்தூன். நூபியாக்காரர், நாற்பது வயது இருக்கும், இந்த வீட்டில் ஒன்பது வருஷமாகப் பாஷாவுக்குச் சட்டை மாட்டிவிடுவதிலிருந்து செருப்பைக் கழற்றுவது வரைக்கும் செய்பவர். அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அரண்மனைச் செயலாளர் சிற்றுண்டிக்கு வருவதாக இருந்ததால் தன்னைக் கேக் வாங்க அனுப்பினார்கள் என்றார் அப்தூன். திரும்பி வந்தபோது பாஷா கன்னத்தைப் பொத்திக்கொண்டு, உஸ்தா வெட்டிவிட்டு ஓடிவிட்டான் என்று கத்திக்கொண்டிருந்தாராம்.

பாஷா படுக்கையறையில் சோபாவில் சாய்ந்திருந்தார். பாதி முகத்துக்குக் கட்டு. கட்டுக்கு வெளியே இருந்த வலது கன்னத்தில் இரண்டு நாள் முடி நரைத்து நின்றது. ரோஜாவைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், சரூஃபீமையும் இன்ஸாஃபையும் பார்க்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

படுக்கையறையை ஒட்டியே சவர அறை. நடுவில் ஒரு கதவு, அது பாதி திறந்திருந்தது. சாய்வு நாற்காலி, கண்ணாடி, பீங்கான் தொட்டி. சுவர்க் கொக்கியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தோல்வார் தொங்கியது. எண்ணெய் ஊறிப் பழுத்த தோல். அதன் நடுவில், அடுத்தடுத்து, சாய்வாக, மூன்று வெட்டு. வெட்டின் உதடுகள் கொக்கியின் பக்கமாகப் பிளந்து நின்றன.

சரூஃபீம் தன் விரலை ஒவ்வொரு வெட்டின் மேலும் வைத்துப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் அடிக்கடி செய்யாத ஒரு முட்டாள்தனத்தைச் செய்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும்போது வாய்விட்டு யோசித்தார்.

"வாயை முன்ன விட்டுத் தள்ளியிருக்கான். கசாப்புக்காரன் இரும்புக் கோலுல தீட்டுற மாதிரி. தீட்டத் தெரியாதவன் கை இது. உஸ்தா இல்ல."

"கசாப்புக்காரனா?" பஹ்கத்தின் கண் விரிந்தது. "அந்த அப்தூனோட அப்பன் அஸ்வான்ல கசாப்புக்கடை வச்சிருந்தவன்தான். வேலைக்காரங்க விவரமெல்லாம் நேத்தே எழுதி வாங்கியாச்சு. ஆக, ரெண்டு பேரும் கூட்டு."

சரூஃபீம் தடுப்பதற்குள் பஹ்கத் பாதி திறந்த கதவு வழியாகத் தலையை நீட்டி, கூட்டாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், அப்தூனாக இருக்கலாம் என்று பாஷாவிடம் அறிவித்துவிட்டார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று பாஷா கேட்கவில்லை. காபியில் சர்க்கரை குறைவு என்று சொல்லும் அதே குரலில் பதில் வந்தது.

"இருக்கும் இருக்கும். அவன் முழியே சரியில்ல. கொண்டு போங்க. போறதுக்கு முன்ன சாயங்காலத்து உடுப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்க."

அப்தூன் அங்கேயே, சவர அறையின் வாசலில்தான் நின்றிருந்தார். கேட்டது. முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கப் பழகிய மனிதர், இருந்தாலும் கையிலிருந்த தட்டில் கண்ணாடிக் குவளை கிணுகிணுத்தது. இன்ஸாஃபுக்கு அந்த மாளிகையின் மேல், அதன் ஜன்னல்களின் மேல், அந்தக் குரலின் மேல் அருவருப்பாக இருந்தது.

"ஒரு ஆளை வெளிய எடுக்க வந்தோம். இப்ப ரெண்டாவது ஆளை உள்ள அனுப்பியாச்சு," என்று சரூஃபீமின் காதில் சொன்னாள். "இதே வேகத்துல போனா சாயங்காலத்துக்குள்ள ஊரையே பிடிச்சுக் குடுத்துரலாம் தலைவரே."

சரூஃபீம் காது மடல் சிவக்க, கத்தியை அப்தூனிடம் நீட்டினார். தீட்டிக் காட்டச் சொன்னார்.

அப்தூன் தயங்கினார். தட்டைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். இடது கையால் வாரை இழுத்து விறைப்பாக்கி, வெட்டு விழாத மேல்பாதியில் கத்தியைப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, ஒரே ஓட்டமாக ஓட்டினார். முனையில் முதுகின் மேல் புரட்டித் திரும்பி வந்தார். சர்ர், டக். சர்ர், டக். அழுத்தமே இல்லை, கத்தியின் கனம் மட்டும்தான். நாற்பது தடவை எண்ணிவிட்டு நிறுத்தினார். அடுத்த அறையில் பாஷா இருமினார்.

இந்தத் தடவை கேட்காமலே இன்ஸாஃப் ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தாள். அது வாயைத் தொட்டதும் ஒரு துண்டு தரையில் விழுந்தது. காலையில் வளைந்து வழுக்கிய அதே கத்தி, கல்லைக் காணாமல், வாரிலேயே உயிருக்கு வந்துவிட்டது.

"யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் சரூஃபீம்.

"யாரும் இல்லீங்க. ஒன்பது வருஷமா துண்டை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறேன். கண்ணு சும்மா இருக்குமா? சமையக்காரன்கூட நல்லாப் பண்ணுவான்."

இன்ஸ்பெக்டர் முனகினார். முதுகு முன்னே போகும் என்பது தனக்கும்தான் தெரியும், வாராவாரம் சவரக்கடைக் கண்ணாடியில் பார்ப்பதுதானே என்று காற்றிலேயே கையைப் புரட்டிக் காட்டினார். சரியாகவே புரட்டினார். இந்த வழக்கில் அவருக்குச் சரியாகத் தெரிந்த முதல் விஷயம் அது என்று இன்ஸாஃப் குறித்துக்கொண்டாள்.

சரூஃபீம் குரலைத் தாழ்த்தினார். "உங்க பாஷா கடைக்குப் போய் சவரம் பண்ணிக்கிட்டது உண்டா?"

"மீசை முளைச்ச நாள்லருந்து வீட்டுலதானாம். அதுவும் துண்டு போட்டாத்தான். கண்ணையும் சேர்த்து மூடச் சொல்லுவார்." அப்தூன் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, இனி என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். "காலையில எங்க மூஞ்சியில முழிச்சா நாள் விளங்காதாம். அதனால கத்தி தீட்டுற சத்தம்தான் அவருக்குத் தெரியும். தீட்டுறதைப் பார்த்ததே இல்ல."

சரூஃபீம் இன்ஸாஃபைப் பார்த்தார். இன்ஸாஃப் அதற்குள் வாரைக் கொக்கியிலிருந்து கழற்றியிருந்தாள்.

படுக்கையறைக்குள் சரூஃபீம் முதுகை வளைத்துக்கொண்டு நுழைந்தார். நீதிமன்றத்தில் இருபது வருஷம் வளைந்த முதுகு, தேவைப்பட்டால் இன்னும் வளையும். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார். ஒரு சின்னச் சிக்கல் என்றார். லாக்கப்பில் அந்த நாவிதன் ரொம்பப் பெருமையடிக்கிறான், கத்தி தீட்டுவது ஏழு வருஷம் படித்து வரும் வித்தை, பெரிய இடத்து ஆட்கள் கைக்கு அது வராது என்கிறான், கோர்ட்டிலும் இதையே சொல்வானாம், பத்திரிகைக்காரர்கள் வேறு எழுதிக்கொள்வார்கள் என்று கவலைப்பட்டார்.

"ஏழு வருஷமா?" பாஷா கட்டுக்கு வெளியே இருந்த பாதி வாயால் சிரித்தார். "ஒரு தோல்ல கத்தியைத் தேய்க்கவா? குரங்குக்கு ரெண்டு வேர்க்கடலை குடுத்தா செய்யும்."

"அது சரிதான் பாஷா. ஆனா உங்களை மாதிரி மென்மையான கைக்கு..."

"கொண்டா இங்க."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். சரூஃபீம் தற்செயலாக அவர் காலை மிதித்தார். இன்ஸாஃப் வாரின் வளையம் போட்ட நுனியைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெட்டெல்லாம் அடிப்பக்கம் போகும்படி புரட்டி, மறுநுனியைப் பாஷாவிடம் கொடுத்தாள். பாஷா எழுந்து உட்கார்ந்து, இடது கையில் வாரையும் வலது கையில் சரூஃபீம் நீட்டிய கத்தியையும் வாங்கினார். கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தத்தைத் தேடுகிறவராக ஒரு கணம் தலையைச் சாய்த்தார்.

கத்தியின் வாய் தன் பக்கம் பார்த்து வருவதை இன்ஸாஃப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. பாஷா வாயை முன்னே விட்டு ஓங்கித் தள்ளினார். அப்தூன் உயிர்கொடுத்த கத்தி தோலில் இறங்கி, அவள் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் சிக்கி நின்றது. வார் வெடுக்கென்று இழுபட்டதில் அவள் தோள் குலுங்கியது. பாஷா கத்தியைப் பிடுங்கி எடுத்து, இன்னொரு தடவை அதேபோல் தள்ளினார்.

"பார்த்தியா?" என்றார் மூச்சு வாங்க. "தோலே வெட்டுப்படுது. இதுக்கு மேல என்ன கூர் வேணும்? ஏழு வருஷமாம்."

இன்ஸாஃப் வாரைத் திருப்பி இன்ஸ்பெக்டரின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். இந்தப் பக்கம் புதிதாக இரண்டு வெட்டு. அந்தப் பக்கம் பழையது மூன்று. அதே சாய்வு, அதே நடுப்பகுதி, அதே மாதிரி உதடு பிளந்து வளையத்தின் பக்கம் பார்த்தன. ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்ல, பஹ்கத்தின் மூளைகூடப் போதுமானதாக இருந்தது.

சரூஃபீம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "இந்த வீட்டுல துண்டு பிடிக்கிறவருக்குத் தெரியும். சமையல்காரருக்குத் தெரியும். அடிக்கடி சவரத்துக்குப் போற யாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நீங்கதான் பாஷா. பத்து நிமிஷம் துண்டுக்கு அடியில பேசினீங்க. பதில் வரலன்னு எடுத்துப் பார்த்தா உஸ்தா இல்ல. ஒன்பது மணிக்கு விருந்தாளி. இதென்ன பெரிய வித்தைன்னு நீங்களே தீட்டினீங்க, கத்தி வாய் மடங்கிப்போச்சு. மடங்கின கத்தி முடியைப் பிடிச்சு இழுக்கும். இழுத்ததும் அழுத்தியிருப்பீங்க."

பாஷா கத்தியை மெதுவாக மெத்தை மேல் வைத்தார். வெட்கப்படுவார் என்று இன்ஸாஃப் ஒரு கணம் எதிர்பார்த்தாள். பெரிய மனிதர்களைப் பற்றி இவ்வளவு கேட்ட பிறகும் தனக்கு இன்னும் நப்பாசை இருக்கிறதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. பாஷா இன்ஸ்பெக்டரை மட்டும் பார்த்து, ஒன்றும் நடக்காதது மாதிரி பேசினார். கொலை என்ற பேச்சை விட்டுவிடலாம். உஸ்தாவின் கை தவறிவிட்டது, வயதாகிவிட்டது, பாஷா பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார் என்று எழுதிக்கொள்ளட்டும். ஆளை விட்டுவிடலாம். அவன் மகளுக்கு நன்னடத்தைக் கடிதமும் கொடுக்கலாம்.

பஹ்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பாஷாவும் தப்பினார், தானும் தப்பினார். மணி ஒன்று பத்து. சரூஃபீம்கூட உடனே மறுக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டியவர் உஸ்தா என்று மட்டும் சொன்னார்.

படுக்கைக்குப் பக்கத்திலேயே டெலிபோன் இருந்தது. இன்ஸாஃப் எக்ஸ்சேஞ்ச் குரலில் எண்ணைச் சொல்லி நிலையத்தைப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் உத்தரவு என்று சொல்லி உஸ்தாவைக் கூப்பிடச் சொன்னாள். நடந்ததையும், பாஷா இப்போது சொல்வதையும், ரதீபாவின் கடிதத்தையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"கை தவறிச்சுன்னு எழுதுவாங்களாமா?"

"ஆமா உஸ்தா. இன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம்."

"வேணாம்மா. நான் உள்ளயே இருக்கேன்." குரல் உயரவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊரு கழுத்தெல்லாம் என் கைக்கு அடியிலதான் இருந்துச்சு. ஒரு தடவை கை தவறிச்சுன்னு காகிதத்துல ஏறினா, அப்புறம் எவன் வந்து தலையைச் சாய்ப்பான்?"

"ரதீபாவுக்கு இடம் போயிடும் உஸ்தா."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் டெலிபோன் கொக்கியைத் தட்டப் போனாள்.

"கேட்டுப் பாரு அவளை," என்றார் உஸ்தா. "அவளும் இதையேதான் சொல்லுவா. கை தவறினவன் மகளா அவ போக வேணாம்."

இன்ஸாஃப் ரிசீவரை வைக்காமல், கேட்டதை அப்படியே அறைக்குச் சொன்னாள். பாஷா சிரிக்கப் பார்த்தார். பெரிய மனிதன் கொடுக்கும் மன்னிப்பை ஒரு நாவிதன் திருப்பியனுப்பும் உலகம் அவருக்குப் பழக்கமில்லை. சரூஃபீம் நேரத்தைப் பார்த்தார்.

"சரி. அப்ப ரெண்டு மணிக்குக் காகிதம் அரசு வக்கீல்கிட்ட போகட்டும். கேஸ் கோர்ட்டுக்கு வரும். இந்த வாரும் வரும். அப்தூனும் சாட்சிக்கு வருவார், இல்லையா அப்தூன்?"

"வருவேங்க," என்றார் அப்தூன், வாசலிலிருந்து. அந்த வீட்டில் பாஷாவைக் கேட்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தையாக இருக்கலாம்.

"ஜட்ஜு பாஷாவைக் கூப்பிட்டுத் தீட்டிக் காட்டச் சொல்லுவார்," சரூஃபீம் தொடர்ந்தார். "நிறைஞ்ச கோர்ட்டுல. நாலு பத்திரிகையும் முன் வரிசையில இருக்கும். அரண்மனைச் செயலாளருக்கும் அந்தப் பத்திரிகை போகும்னு நினைக்கிறேன்."

பொய்ப் புகார் என்ற குற்றத்துக்கு பாஷா பயப்பட்டதாகத் தெரியவில்லை. சிரிப்புக்குப் பயந்தார். கட்டுக்கு வெளியே இருந்த பாதி முகம் மெல்ல வெளுத்தது. பஹ்கத் தன் சொந்த எதிர்காலத்தைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தானாகவே காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். பாஷா இரண்டு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். தூக்கிப் போடுவது மாதிரி நீட்டினார்.

இன்ஸாஃப் அதை வாங்கி டெலிபோனில் நிதானமாகப் படித்தாள். "ஃபிக்ரி பாஷா ஆகிய நான் சம்பவத்தன்று எனக்கு நானே சவரம் செய்துகொள்ளும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். உஸ்தா மித்வல்லி அப்போது வீட்டில் இல்லை. கையொப்பம்." படித்து முடித்து, இவ்வளவுதான் உஸ்தா, கிளம்புங்கள் என்றாள்.

உஸ்தா கிளம்பவில்லை. எதுவோ சரியாக இல்லை என்றார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தாள். அந்தப் பக்கத்தில் மனிதர் யோசிப்பது அவளுக்குக் கேட்டது. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அவளுக்கு வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் காகிதத்தைத் திரும்பக் கொண்டுபோய்ப் பாஷாவின் மடியில் வைத்தாள்.

"ஒரு வரி சேர்க்கணுமாம் பாஷா. வெறுமனே வெட்டிக்கிட்டேன்னு எழுதினா, உஸ்தா வச்ச கத்தி சரியில்லன்னு ஊரு நினைக்குமாம். வாருல தீட்டத் தெரியாம தீட்டி, நல்ல கத்தியோட வாயை நான்தான் கெடுத்தேன்னு எழுதச் சொல்றார். லைன்ல இருக்கார். நான் படிச்சுக் காட்டணும்."

பாஷா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ரோஜாவைப் பார்த்தார். மணி ஒன்றரை ஆகியிருந்தது. பாஷா பேனாவைத் திறந்து, கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் எழுத ஆரம்பித்தார்.